கேப் டவுனிலிருந்து டர்பன் வரை கடலோரமாகவே காரில்: 12 இரவுகள், கூடவே 68 வயது அம்மா. முடியுமா?

ஆரணிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பர் 10-ஆம் தேதி காலை கேப் டவுனில் இறங்குகிறோம். நான், மனைவி, அம்மா, மூன்று பேர். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். மொத்தம் 12 இரவுகள். திரும்புவது டர்பனிலிருந்து. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இடையில் வேறு எதுவும் பதிவு செய்யவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் என்2 என்று ஒரே நெடுஞ்சாலை கேப் டவுனில் கிளம்பி கடலோரமாகவே டர்பன் வரை போகிறது. 1,600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நான் ஆரணியிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் ஓட்டியிருக்கிறேன், அதனால் தினமும் 150, 200 கி.மீ. என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சின்ன கார் ஒன்றை கேப் டவுனில் வாடகைக்கு எடுத்து டர்பனில் விட்டுவிடலாம் என்று எண்ணம். திமிங்கலம், பெங்குவின், யானை மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை.

டர்பன் போவது அம்மாவுக்காக. அம்மாவின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1900-க்குப் பிறகு எப்போதோ சென்னையில் கப்பல் ஏறி, டர்பன் இருக்கிற நட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஒரே ஒரு கடிதம் வந்ததாம், அதில் ‘உம்சிந்தோ’ என்று ஊர்ப் பெயர் இருந்தது என்று வீட்டில் பேசிக்கொள்வதை அம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். கடிதம் இப்போது இல்லை. அந்த ஊர் மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த நாட்கள் போதுமா, வழியில் எந்த ஊரில் தங்கலாம், நம் ஊர் ஆள் அங்கே வண்டி ஓட்டுவதில் என்ன சிக்கல் வரும், பாதுகாப்பு எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, பயணத்தின் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். அதற்கப்புறம் அம்மா முட்டை கூடத் தொடமாட்டார்.

மேசைமலை

அண்ணா, நான் கேப் டவுனில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இந்தப் பாதையில் போர்ட் எலிசபெத் வரை ஏழெட்டு முறை போய் வந்திருக்கிறோம் (2021-இல் அந்த ஊருக்கு கெபேகா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பலகைகளில் அதைத்தான் பார்ப்பீர்கள்). நேராகவே சொல்லிவிடுகிறேன், 12 இரவில் முழுப் பாதையும் வேண்டாம். ஓட்டி முடித்துவிடலாம்தான், ஆனால் எந்த ஊரிலும் அம்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க நேரம் இருக்காது.

முதலில் ஒரு விஷயம். என்2 கடலோரமாகவே போகிறது என்பது வரைபடத்தைத் தள்ளி வைத்துப் பார்க்கும்போது தெரிகிற தோற்றம். கேப் டவுனை விட்டதும் சர் லோரீஸ் கணவாய் ஏறி உள்நாட்டுக்குள் போய்விடும், பிறகு கோதுமை வயல்களுக்கு நடுவே முந்நூறு கிலோமீட்டர் போய் மோசல் பேயில்தான் மறுபடி கடலைத் தொடும். அங்கிருந்து ஸ்டார்ம்ஸ் ரிவர் வரையுள்ள துண்டைத்தான் கார்டன் ரூட் என்கிறார்கள். கெபேகா தாண்டியதும் திரும்ப உள்ளே போய்விடும். அதற்கு வடக்கே, வைல்டு கோஸ்ட் என்கிற பகுதியில், கடலோரமாகச் சாலையே கிடையாது. கடல் வேண்டுமென்றால் என்2-ஐ விட்டு எங்கெங்கே இறங்குவது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் பிரிப்பதாக இருந்தால் கேப் டவுன் 3 இரவு, ஹெர்மானஸ் 2, வில்டர்னஸ் 2, ஸ்டார்ம்ஸ் ரிவர் 1, அடோ யானைப் பூங்கா 1. அப்புறம் கெபேகாவில் காரை விட்டுவிட்டு டர்பனுக்கு நேரடி விமானம், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். டர்பனில் 3 இரவு. அம்மாவின் ஊருக்கு மூன்று நாளாவது கொடுங்கள், கடைசி நாள் களைப்போடு எட்டிப் பார்க்கிற இடமாக அது ஆகிவிடக் கூடாது.

கேப் டவுனில் ஒரே ஒரு அறிவுரை: மேசைமலை கேபிள் காருக்கு நாள் குறித்து வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கிற முதல் காலையிலேயே கிளம்பிப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஹெர்மானஸ் போகும்போது என்2-இல் போகாமல் கார்டன்ஸ் பே வழியாக ஆர்44 சாலையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நேர்கீழே கடல், ரூய் எல்ஸ் வரை வளைந்து வளைந்து போகும். தென்னாப்பிரிக்காவில் எனக்கு மிகப் பிடித்த சாலை இதுதான். அந்த வழியில் பெட்டிஸ் பே என்ற சின்ன ஊரில் ஸ்டோனி பாயிண்ட் என்ற இடத்தில் பெங்குவின்கள் இருக்கின்றன. பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அம்மா தாராளமாக நடக்கலாம், சைமன்ஸ் டவுன் அளவுக்குக் கூட்டமும் இருக்காது. 2024-இல் ஆப்பிரிக்கப் பெங்குவினை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள், அதனால் தள்ளி நின்றே பாருங்கள். குரங்குகள், அதாவது பபூன்கள், வண்டிக்குள் புகுந்து சாப்பாட்டை எடுத்துப் போகும். கண்ணாடியை ஏற்றி வையுங்கள்.

ஹெர்மானஸுக்கு நீங்கள் வரும் மாதம் அருமையான மாதம். சதர்ன் ரைட் திமிங்கலங்கள் ஜூன் முதல் நவம்பர் வரை குட்டி போட இந்த வளைகுடாவுக்கு வருகின்றன, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எண்ணிக்கை அதிகம். படகில் போக வேண்டியதே இல்லை. பழைய துறைமுகத்துக்கு மேலே பெஞ்சு போட்டிருக்கிறது, அம்மாவை அங்கே உட்கார வையுங்கள். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் தாயும் குட்டியும் கரைக்குப் பக்கத்திலேயே புரள்வதைப் பார்க்கலாம். என் மாமியார் வந்தபோது அந்தப் பெஞ்சை விட்டு எழுந்து வர மறுத்துவிட்டார், மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வண்டி ஓட்டுவது நம் ஊரைப் போலவே இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான். பழக வேண்டியது வேறு சில விஷயங்கள். நாலு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்புகள் ஏராளம். அங்கே எல்லா வண்டியும் முழுசாக நின்றாக வேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், அடுத்து வந்தவர் அடுத்து. நாம் உருட்டிக்கொண்டே நுழைந்தால் விபத்துதான். சிக்னலை இங்கே ‘ரோபோ’ என்பார்கள், ‘அடுத்த ரோபோவில் இடது’ என்று வழி சொன்னால் குழம்பாதீர்கள். ஒற்றைச் சாலையில் பின்னால் வேகமான வண்டி வந்தால் முன்னால் போகிறவர் பாதுகாப்பான இடம் பார்த்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி வழி விடுவார். தாண்டியதும் ஹசார்டு விளக்கை இரண்டு தடவை போட்டால் நன்றி என்று அர்த்தம். ஹாரன் அடிக்கிற வழக்கம் கிடையாது. வேக வரம்பு பெருஞ்சாலையில் 120, ஊருக்குள் 60, கேமரா நிறைய. பெட்ரோல் பங்கில் ஆள்தான் போடுவார், கண்ணாடியும் துடைத்துக் கொடுப்பார், ஐந்து பத்து ராண்ட் கொடுங்கள். நம் ஊர் உரிமத்தோடு ஆர்டிஓவில் சர்வதேச அனுமதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் வேண்டும்.

மண் சாலை பற்றி என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். டி ஹூப் சரணாலயத்துக்குத் திமிங்கலம் பார்க்க வாடகைக் காரில் போனோம். ஜல்லிச் சாலையில் டயர் கிழிந்து ரிம்மும் வளைந்துவிட்டது. காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவும் அதில் சேராது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கிறது, முழுப் பணமும் கையிலிருந்துதான் போனது. மூன்று நாள் வாடகையை விட அதிகம். சாவி வாங்குவதற்கு முன்னால் ‘மண் சாலையில் ஓட்டலாமா, டயருக்குக் காப்பீடு உண்டா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பாதுகாப்பு என்றால், இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் ஓட்டாதீர்கள், வண்டிக்குள் கண்ணில் படும்படி பை, போன் எதுவும் வைக்காதீர்கள். கேப் டவுன் விமான நிலையத்திலிருந்து வரும்போது வழிகாட்டும் ஆப் என்ன குறுக்கு வழி காட்டினாலும் என்2-ஐ விட்டு இறங்கவே இறங்காதீர்கள். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வழியாக வருகிறீர்கள் என்றும் பாருங்கள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள்.

உம்டாடா வாத்தியார்

தம்பி, மேசைமலை சொன்ன கணக்கு சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் விமானத்தில் தாண்டிப் போகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு தாண்டுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

வைல்டு கோஸ்ட் பக்கத்து ஊரான ம்தாதாவில் மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அப்போது எல்லோரும் உம்டாடா என்றுதான் சொல்வோம். கேய் ஆற்றைத் தாண்டினால் நிலமே மாறிவிடும். வேலி கிடையாது. பச்சைக் குன்றுகள், குன்றுக்குக் குன்று வட்டமான வீடுகள், பாதிச் சுவருக்கு நீலப்பச்சை வண்ணம், வாசல் காலை வெயிலைப் பார்த்தபடி. இதுதான் டிரான்ஸ்கெய். நிறவெறி அரசு 1976-இல் இதைத் தனி நாடு என்று அறிவித்துத் தன் கணக்கிலிருந்து தள்ளி வைத்தது, உலகத்தில் வேறு யாரும் அதை நாடாக ஏற்கவில்லை. 1994-இல்தான் திரும்பச் சேர்ந்தது. அங்கே கடலோரச் சாலை இல்லாததற்கு ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஒரு காரணம் என்றால் அந்தப் புறக்கணிப்பு இன்னொரு காரணம். இப்போதுதான் ம்சிகாபா, ம்டெண்டு ஆறுகளின் மேல் பெரிய பாலங்கள் எழும்புகின்றன.

மண்டேலா பிறந்தது இந்தப் பக்கத்து ம்வெசோ கிராமத்தில், வளர்ந்தது குனுவில், 2013-இல் அடக்கம் செய்ததும் குனுவில்தான். என்2 அந்த ஊர் வழியாகவே போகிறது. காபி பே பக்கம் ‘ஹோல் இன் தி வால்’ என்று கடலுக்குள் நிற்கும் ஒரு பெரிய பாறைச் சுவர் உண்டு, நடுவில் வாசல் மாதிரி திறப்பு, அலை அதன் வழியாக இடித்துக்கொண்டு வரும். கோசா மக்கள் அதை ‘சத்தத்தின் இடம்’ என்கிற பொருளில் அழைக்கிறார்கள். நான் அங்கே போன முதல் நாள் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

சரி, சாலைக்கு வருவோம். மாடும் ஆடும் குழந்தைகளும் சாலையிலேயே நடப்பார்கள், ஊருக்கு ஊர் வேகத்தடை, குழிகள், சிற்றுந்துகள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். 230 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் ஈஸ்ட் லண்டன்–ம்தாதா தூரத்துக்கு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மாலைக்கு மேல் ஓட்டவே கூடாது. மூட்டு வலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அடித்துப் பிடித்துக் கடப்பதில் அவருக்கும் சுகமில்லை, அந்த ஊருக்கும் மரியாதையில்லை. இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை இதற்கென்றே ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்தால் ‘மோல்வேனி’ என்று வணக்கம் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

ஆரணிக்காரன்

மேசைமலை, வாத்தியார் ஐயா, இருவருக்கும் ரொம்ப நன்றி. மனசு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, முழுக்கவும் ஓட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கனவு கண்டது. ஆனால் டர்பனுக்கு மூன்று நாள் என்று படித்துக் காட்டியதும் அம்மா ‘அதுவே போதும்’ என்று சொல்லிவிட்டார். வைல்டு கோஸ்ட்டை விட்டுவிடுகிறோம்.

ஹெர்மானஸிலிருந்து வில்டர்னஸ் போகிற நாளில் ஆப்பிரிக்காவின் தென்கோடி முனையைத் தொட்டுவிட்டுப் போகலாமா? கன்னியாகுமரி மாதிரி அங்கே கடல்கள் கலப்பது கண்ணுக்குத் தெரியுமா?

வடலி

நாங்கள் போன செப்டம்பரில் லண்டனில் இருந்து மாமியையும் கூட்டிக்கொண்டு இதே பாதையால் போனோம், அதனால் எழுதுகிறேன்.

அகுல்யாஸ் முனைக்குப் போங்கோ, ஆனால் இரண்டு நிறத்தில் தண்ணீர் தெரியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கேப் டவுனுக்குப் பக்கத்து கேப் பாயிண்டில்தான் கடல்கள் சேருகின்றன என்று பலபேர் சொல்லுவினம், அது பிழை. இந்தியப் பெருங்கடலுக்கும் அத்திலாந்திக்குக்கும் எல்லை என்று முறைப்படி குறித்திருப்பது அகுல்யாஸைத்தான். அங்கே ஒரு கல்லும் பலகையும் இருக்கு. கிழக்கால் வருகிற சூடான நீரோட்டமும் மேற்குக் கரையின் குளிர்ந்த நீரோட்டமும் இந்தப் பக்கம்தான் எங்கேயோ சந்திக்கின்றன, ஆனால் கோடு போட்டமாதிரி ஒன்றும் தெரியாது. தாழ்ந்த பாறையும் காற்றும், 1849-இல் ஏற்றிய வெளிச்ச வீடும்தான். மாமி அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு வடக்கே பார்த்து, ‘இனி முழுக் கண்டமும் எங்களுக்கு மேலதான்’ என்றா.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அகுல்யாஸில் இருந்து கிட்டத்தில் இருக்கும் ஆர்னிஸ்டன் என்ற ஊரைப் பற்றி. வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையும் போட்ட மீனவர் குடியிருப்பு, அதற்கு முன்னால் பச்சைக் கண்ணாடி போலக் கடல். மிக வடிவான இடம். அந்தப் பெயர் ஒரு கப்பலின் பெயர். 1815-இல் இலங்கையில் இருந்து இங்கிலாந்துக்குக் காயம்பட்ட படையினரையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு போன ஆர்னிஸ்டன் கப்பல் மே 30-ஆம் தேதி இங்கே பாறையில் மோதி உடைந்தது. 372 பேர் இறந்தார்கள், கரையேறியது 6 பேர். கப்பலில் நேரத்தைச் சரியாகக் காட்டும் குரோனோமீட்டர் இருக்கவில்லை. அது இல்லாமல் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று திருத்தமாகக் கணிக்க முடியாது. முனையைக் கடந்துவிட்டோம் என்று நம்பி வடக்கே திரும்பியிருக்கிறார்கள், கடந்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வைத்த நினைவுக்கல்லைப் பற்றி அங்கே கதைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் ஊர்த் துறைமுகங்கள் ஞாபகம் வந்தது. பயணிகள் அநேகமானோர் இந்த ஊரில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு மணித்தியாலமாவது நில்லுங்கோ. கடல் வற்றும் நேரமாக இருந்தால் பெரிய குகைக்கும் போகலாம், வற்றாத நேரத்தில் போகவே வேண்டாம். அன்றைக்கு நீண்ட ஓட்டம், வெள்ளனவே வெளிக்கிடுங்கோ.

அடுத்த நாள் மோசல் பே. போர்த்துக்கேயர் பார்த்தலோமியு டயஸ் 1488-இல் இறங்கிய இடம். அங்கே ஒரு பழைய மில்க்வுட் மரம் நிற்கிறது. 1500-இல் ஒரு கப்பல் தலைவன் அந்த மரத்தடியில் ஒரு சப்பாத்துக்குள் கடிதம் வைத்துவிட்டுப் போனான், அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜுவாவ் டா நோவா அதை எடுத்து வாசித்தான். கோழிக்கோட்டில் நிலைமை சரியில்லை என்கிற எச்சரிக்கைதான் கடிதத்தின் சேதி. இப்போது அந்த மரத்தடியில் சப்பாத்து வடிவத்தில் தபால் பெட்டி இருக்கு, உண்மையாகவே வேலை செய்யும். அம்மாவைக் கொண்டு ஊருக்கு ஒரு அஞ்சலட்டை போடுவியுங்கோ.

சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டாம். ‘செல்ஃப் கேட்டரிங்’ என்று போட்டிருக்கும் சமையலறையோடு உள்ள வீடுகளாக எடுங்கோ. எந்தச் சுப்பர்மார்க்கெட்டிலும் டாஸ்டிக் அரிசி கிடைக்கும், புழுங்கல்தான். ‘அமாசி’ என்று புளித்த பால் விற்கும், எங்கள் தயிருக்கு மிகக் கிட்ட. மாமி இரண்டு கிழமையும் தயிர்ச்சாதத்தில் ஓட்டினா. ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கோ. குக்கர் கொண்டுபோனால் மாற்றுப் பிளக் தேவை, அங்கத்தைய சுவர்த் துளை பெரிய மூன்று குண்டு முள்ளுக்கானது.

டொங்காட் மருமகன்

சார், நான் திருச்சிக்காரன், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். மனைவி இங்கேயே பிறந்தவள், அவள் வீட்டில் நாலாவது தலைமுறை. உங்கள் கேள்வியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ‘உம்சிந்தோ’ என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அத்தை வீடு அங்கேதான்.

ஊர் பெயர் உம்சிண்டோ. டர்பனிலிருந்து தெற்கே 70 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே. இன்றைக்கும் வழியெல்லாம் கரும்புதான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் வந்து நின்றது. அப்போதிலிருந்து 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலானவர்கள் சென்னைத் துறைமுகம் வழியாக. வட ஆற்காட்டுக்காரர்கள் ரொம்பவும் அதிகம். உங்கள் ஆரணி பெயரை இங்கே பல வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள்.

அவரைத் தேடுவது பற்றி. கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருக்கும். டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, அரசு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. வருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், நேரில் போய் ஒரே நாளில் கண்டுபிடிக்கிற காரியம் இல்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், முனுசாமி மூன்சாமி ஆகியிருக்கும். முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகவும் ஆகியிருக்கும். இங்கே பெருமாள், கந்தசாமி என்பதெல்லாம் குடும்பப் பெயர்கள். தகப்பன் பெயரும் கிராமமும்தான் பிடி. அம்மாவுக்குத் தெரிந்ததை எல்லாம் இப்போதே உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். கிடைக்காமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்து வையுங்கள். என் மனைவி வீட்டில் தாத்தா வழி கிடைத்தது, பாட்டி வழி இன்னும் கிடைக்கவில்லை.

புரட்டாசி பற்றி அம்மா கவலைப்படவே வேண்டாம், இங்கே ‘புர்டாசி’ என்று சொல்லி மாதம் முழுக்க விரதம் இருக்கிற குடும்பங்கள் ஏராளம். பாஷை போய்விட்டது, இது போகவில்லை. சாப்பாட்டுக் கடைகளில் சைவம் தனியாகப் போடுவார்கள். பன்னி சௌ என்று, பாதி ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள், அதில் பீன்ஸ் போட்டது கேளுங்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் நடக்கிறது, ‘போரிட்ஜ் பிரேயர்ஸ்’ என்பார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பாலை வேலையாட்களுக்காக 1898-இல் கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. பெரிய கோபுரம் எதிர்பார்க்காதீர்கள். கையால் வனைந்த மாதிரி சின்னக் கோயில். ஊரை விட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து கட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். உம்சிண்டோ போகிற வழியில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் நிற்கலாம்.

கடல் இங்கே சூடாக இருக்கும், கேப் டவுன் தண்ணீரில் கால் வைக்க முடியாத அம்மா இங்கே தாராளமாக நனைக்கலாம். சுறா வலை போட்ட கரைகளில், கொடி நட்ட இடத்துக்குள் மட்டும் இறங்குங்கள். நாடு முழுக்க ஒரே நேரம் என்பதால் கேப் டவுனை விட இங்கே முக்கால் மணி நேரம் முன்னதாகவே இருட்டிவிடும், அதை மனதில் வைத்துக்கொண்டு வெளியே போங்கள்.

உம்சிண்டோவுக்கு டாக்சி பிடிக்க வேண்டாம் சார். நானே கூட்டிப் போகிறேன். அத்தைக்கு 81 வயது, அந்தக் காலத்துத் தோட்டக் குடியிருப்பு எங்கே இருந்தது என்று இடம் காட்டுவார்.

மேசைமலை

இதைப் படித்துவிட்டு என் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அண்ணா, இனிமேல் டர்பனைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

நடுவில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்கிறேன். வில்டர்னஸில் நுழைவதற்கு முன் என்2-இல் ஒரு வளைவில் காய்மான்ஸ் ஆற்றுப் பழைய ரயில் பாலம் கீழே தெரியும், நிறுத்திப் பார்க்க இடம் உண்டு. 2006 மழையில் மண் சரிந்ததிலிருந்து ரயில் ஓடவில்லை. நைஸ்னாவில் மத்தியானச் சாப்பாடு போதும். கடற்கழி கடலில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைகள், கிழக்குப் பக்கப் பாறை உச்சி வரை கார் போகும். 2017 தீயில் அந்த ஊர் எவ்வளவு இழந்தது என்பதற்கான தடம் இன்னும் சில இடங்களில் தெரியும். ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்தில் பூங்கா விடுதிகளிலேயே தங்குங்கள், அலை வாசல் வரை வந்து உடையும். தொங்குபாலம் 77 மீட்டர் நீளம், ஆனால் அதுவரை போகிற பலகைப் பாதையில் படிகள் அதிகம், அம்மா விடுதி முற்றத்தில் உட்கார்ந்தாலே போதுமான அழகு.

அடோவுக்குப் போகும் வழி முழுக்க ஆரஞ்சுத் தோட்டங்கள். சாலையோரம் மூட்டை மூட்டையாக மலிவாக விற்பார்கள், வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குள் போகாதீர்கள், எலுமிச்சை வகை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு காலத்தில் யானைகளுக்கு ஆரஞ்சு போட்டுப் பழக்கியதில் அந்த வாசனைக்கு வண்டியையே தேடி வர ஆரம்பித்துவிட்டன. 1931-இல் பூங்கா தொடங்கும்போது அங்கே மிஞ்சியிருந்தது 11 யானைகள்தான், இன்று 600-க்கு மேல். உங்கள் சின்ன காரிலேயே சுற்றலாம், இறங்க மட்டும் கூடாது. சாலையில் சாணி உருட்டும் வண்டுகள் போகும், அவற்றுக்கும் சாணத்துக்கும் ஒதுங்கி ஓட்டுங்கள், பறக்க முடியாத அந்த இனம் அரிதாகிவிட்டது.

ஆரணிக்காரன்

இன்று பதிவு செய்துவிட்டேன். 13, 14 இரவு ஹெர்மானஸ், பழைய துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சமையலறையோடு ஒரு வீடு. 15 காலை ஆறு மணிக்கே கிளம்பி அகுல்யாஸ், ஆர்னிஸ்டன் வழியாக வில்டர்னஸ். 17 ஸ்டார்ம்ஸ் ரிவர், 18 அடோ, 19 பிற்பகல் கெபேகாவிலிருந்து டர்பன் விமானம். வாடகை கார் நிறுவனத்திடம் டயர், கண்ணாடிக்குத் தனிக் காப்பீடு சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்கிவிட்டேன்.

டொங்காட் மருமகன் சார், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ராத்திரி வெகு நேரம் தூங்கவில்லை. காலையில் அவராகவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பெரிய தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுகா. அத்தனையும் நினைவில் வைத்திருந்திருக்கிறார், நாங்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஹெரிடேஜ் சென்டருக்கும் இன்றே எழுதுகிறேன்.

அத்தைக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுவரட்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார். ஆரணிப் பட்டு ஒன்று எடுத்து வைத்துவிட்டார், என்ன நிறம் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.